சுடிதாரில் வந்தது உங்கள் தங்கைதான், மச்சான்

சேர்வராயன் துணை

மஞ்சக்குட்டை,
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் பழனிசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை ஆராயியைக் கட்டிய அங்கப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆராயியும் மிளகுக் கொடிகளும் சுகம். வாழப்பாடியில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் அதே மாதிரி இருக்க வேண்டுமென்று சாமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சுகம் விசாரித்தாகிவிட்டதால் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஏரி ரோட்டிலுள்ள ஓட்டலுக்குள் நான் ஒரு பெண்பிள்ளையோடு போனேன் என்றும், அவள் சுடிதார் போட்டுக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தாள் என்றும், மறுநாள் காலையில்தான் வெளியே வந்தோம் என்றும் என் பக்கத்து ஊட்டு ஜேசுதாஸ் உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான். மச்சான், அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளை உங்கள் தங்கை. இதைச் சொல்லத்தான் நானும் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டீர்கள். சரி, நீயே பேசு என்று ஆராயியிடம் கொடுத்தால், "டப்புல குளிச்ச கதையெல்லாம் எங்கண்ணங்கிட்ட நானு எப்படிங்க சொல்றது? நீங்களே சொல்லிப்போடுங்க" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு நியாயம் கேட்க வரப்போவதாகக் கேள்வி. வேனுக்குச் சொல்லுமுன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

எல்லாம் ஒரு சினிமாவில் ஆரம்பித்தது. ஆராயிக்குக் கண் பரிசோதனை என்று சேலத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். மருந்து விட்ட கண்ணோடு வெளியே வந்தாள். மலைமேல் எங்கள் ஊருக்குப் பஸ் சாயந்திரம்தான். சேலத்து வெயில் உங்களுக்குத் தெரியும், தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. எதிரே ஏசி தியேட்டர். வாசலில் பெரிய போஸ்டர். ஒரு பெண் தலை நிறைய மல்லிகைப்பூவோடு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள், படத்தின் பெயர் 'வசுமதியின் வெள்ளிக்கிழமை'. "அம்மன் படமாட்டத்தான் இருக்குதுங்க, போலாமுங்க" என்றாள் ஆராயி. மருந்து விட்டது அவள் கண்ணுக்கு. என் கண்ணுக்கு என்ன வந்தது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். உள்ளே உட்கார்ந்து லைட்டை அணைத்த பிறகுதான் தெரிந்தது, அந்த வசுமதி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று புருசனிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வெளியே ஒரு பங்களாவுக்கு, ஒரு பையனைப் பார்க்கப் போகிறாள். அங்கே பெயரை மாற்றிக்கொள்கிறாள், புடவையை மாற்றிக்கொள்கிறாள், பிறகு மாற்றிக்கொள்வதற்கே ஒன்றும் இல்லாமல் போகிறது. நான் ஆராயியின் கையைத் தொட்டு, "வா புள்ள, போயிரலாம்" என்றேன். "இருங்க, ஏசிய உட்டுப்போட்டு எங்க போறது?" என்றாள். மருந்தினால் அவளுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் கழுத்துல போட்டுருக்கறது வெள்ளிச் சங்கிலியா, தங்கமுங்களா?" என்று கேட்டாள். அப்புறம் நான் எதைத் தேற்றிக்கொள்வது?

இடைவேளையில் டீ வாங்கப் போனால் தூணுக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜேசுதாஸ் நிற்கிறான். சர்ச் கமிட்டியில் இருக்கிற ஆள். என்னைப் பார்த்ததும் டீ அவன் சட்டையில் கொட்டியது. "அங்கப்பண்ணா, நானு இந்தப் படத்தக் கண்டிச்சு எழுதலாமுன்னு வந்தனுங்க. முழுசாப் பாக்காம எப்படிங்க கண்டிக்கறது?" என்றான். நான் வாயைத் திறக்கவே இல்லை மச்சான். ஆனால் நான் பார்த்துவிட்டேன் என்பது அவன் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. என்னைப் பற்றி ஒன்று கிடைக்காதா என்று அன்றிலிருந்து காத்திருந்திருக்கிறான். இதை நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

படத்தில் கடைசியில் ஒரு கொலை நடக்கிறது, புருசனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, வசுமதி காரை எடுத்துக்கொண்டு எங்கோ போகிறாள், அவ்வளவுதான். வெளியே வந்தால் ஒரு பெண்பிள்ளை போனையும் மைக்கையும் நீட்டி, படம் எப்படி என்று வருகிறவர்களை எல்லாம் மடக்கிக்கொண்டிருக்கிறாள். யூடியூபில் போடுவார்களாம். முன்வரிசையிலிருந்து வந்த ஒரு பெரியவர், "போஸ்டர்ல இருந்த அளவுக்குக்கூடப் படத்துல இல்ல, ஏமாத்திட்டாங்க" என்று கொதித்தார். மூன்று காலேஜ் பெண்கள், "அந்த ஹஸ்பண்ட் கேரக்டர் சுத்த வேஸ்ட்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருவர் பேசத் தொடங்குமுன் மனைவியின் முகத்தைப் பார்த்தார், "நோ கமெண்ட்ஸ்" என்றார். ஜேசுதாஸ் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "கேமரா நல்லாருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான். நான் ஆராயியைத் தள்ளிக்கொண்டு நழுவப் பார்த்தேன். மைக் அவள் வாய்க்கு நேரே வந்துவிட்டது. "பாட்டிம்மா, வசுமதி பண்ணது தப்பா, சரியா?" உங்கள் தங்கை, ஊர்க் கூட்டத்தில்கூட எழுந்து பேசாதவள், மைக்கைக் கையிலேயே வாங்கிக்கொண்டாள். "தப்பு சரியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க கண்ணு. அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு அவ புருசன் ஒருக்காலாச்சும் கேட்டானா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா" என்றாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

பஸ்ஸில் மலை ஏறும்போது வண்டி முழுக்க அதே பேச்சு. படம் பார்த்தவர்கள் கால்வாசிப் பேர், பார்க்காமலே கருத்துச் சொன்னவர்கள் முக்கால்வாசி. ஒரு அம்மா, "கொலை பண்ணுனதக்கூட உட்டுத்தள்ளுங்க, போயும் போயும் வெள்ளிக்கிழமையிலயா போவா?" என்று ஆறவே மாட்டேன் என்கிறார். கண்டக்டர், "புருசங்காரன் காருல போயி ஏமாந்தானுங்க. பஸ்ஸுல போயிருந்தா முதல் வாரமே ஆராச்சும் சொல்லியிருப்பாங்க" என்றார். இன்னொருத்தி, "அந்தப் பங்களாவக் கூட்டித் தொடைக்கறது ஆரு? அதக் காட்டவே இல்லியே" என்றாள். அதைக் கேட்டு ஆராயி மட்டும் பலமாகத் தலையாட்டினாள். நான் மெல்ல, "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பான்னியே, என்ன சொல்லியிருப்பா?" என்றேன். "அது அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மச்சான், அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எஸ்டேட் ஜீப் ஓட்டிய காலத்தில் எத்தனையோ பேரிடம் "எங்க போகோணும்?" என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பவளிடம் அதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் மிளகு உலர்த்தும்போது பார்க்கிறேன், அரிசி களையும்போது பார்க்கிறேன், இவள் மனதில் என்ன இருக்கும் என்று யோசிக்கிறேன். "என்னுங்க, புதுசாப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்று அவளே கேட்டுவிட்டாள். அதற்குள் ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. கேட்டு, அவள் ஒரு ஆளின் பெயரைச் சொல்லிவிட்டால்? இந்த வயதில் நான் எங்கே போய் நிற்பது? பக்கத்து ஊரில் கழுத்தில் சங்கிலி போட்டவர்களை எல்லாம் ஒரு நோட்டம் விட்டேன். கடைசியில் ஜேசுதாஸின் சம்சாரம் இன்பமேரியிடம் போனேன். தையல் கடை வைத்திருக்கிறாள், நாலு பேர் மனசு தெரிந்தவள். அவளும் அந்தப் படத்தைப் போனில் பார்த்திருக்கிறாள், அதுவும் மூன்று தடவை. "முதல்ல கதைக்காக, ரெண்டாவது அந்தப் புள்ள போட்டுருந்த ஜாக்கெட்டுக்காக. மூணாவது எதுக்குன்னு கேக்காதீங்கண்ணா" என்றாள். என் சங்கடத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, "நேராக் கேளுங்க. ஆனா கேட்டுப்போட்டு எந்திரிச்சு ஓடக்கூடாது" என்றாள்.

அன்று சாயந்திரம் ஆராயி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து நாலு காய் உரித்துவிட்டு, "ஆராயி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "உப்பு தீந்துபோச்சு" என்றாள். "அதில்ல புள்ள. மனசுக்குள்ள ஆசைன்னு ஏதாச்சும்..." என்றேன். அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சொன்னாச் சிரிக்கப்படாது" என்றாள், அவள் சிரித்துக்கொண்டே. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏரி ரோட்டு ஓட்டல்ல மாடி ரூமுல ஒரு டப்பு இருக்குதுங்க. அங்க வேலைக்குப் போன காலமெல்லாம் அதத் தேச்சுத் தேச்சு என்ற கைரேகையே அழிஞ்சு போச்சு. எவளெவளோ வந்து அதுல படுத்துக் குளிச்சுப்போட்டுப் போவாளுங்க. ஒரு நாளைக்கு நானும் அதுல சுடுதண்ணி உட்டுப் படுத்துப் பாக்கோணும். வாளி, துடைப்பம் இல்லாம அந்த ரூமுக்குள்ள போகோணும்." அப்புறம் அவரைக்காய்ப் பக்கம் குனிந்துகொண்டு, "நீங்களும் கூட வரோணும்" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள் மச்சான், இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? அந்த ஓட்டலில் இப்போது ஆட்கள் எல்லாம் புதுசு. இருந்தாலும் பழைய ஆள் யாராவது பார்த்து, வேலைக்காரி வந்துவிட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதனால்தான் இன்பமேரி தைத்த பச்சைச் சுடிதார், அதனால்தான் கண் டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. வரவேற்பில் அருண்குமார் என்று ஒரு தம்பி. ஆதார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "சார், உங்க வீடு இங்க மஞ்சக்குட்டையிலதானே? அப்புறம் எதுக்கு ரூம்?" என்றார். "ஊட்டுல வெள்ளையடிக்கறாங்க" என்றேன். உங்கள் தங்கைக்குப் பொய் பிடிக்காது. "இல்லீங்க தம்பி, நாங்க குளிக்க வந்தோம்" என்றாள். "வீட்டுல தண்ணி வரலீங்களாம்மா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். சர்ச் திருவிழா நோட்டீஸ் கொடுக்க ஓட்டல் கேட்டுக்கு வந்த ஜேசுதாஸ் எங்களை முதுகுப்பக்கமாகப் பார்த்தது அந்த நேரத்தில்தான். நோட்டீஸைக்கூடக் கொடுக்காமல் ஓடியவன், மறுநாள் காலையில் வந்தும் எட்ட நின்று பார்த்திருக்கிறான். சுடிதார் தன் சம்சாரம் தைத்தது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இன்பமேரியைக் கேட்டால், "என்ற கிட்ட அவரு கேக்கவே இல்லீங்களே" என்கிறாள்.

ரூமுக்குள் போனதும் ஆராயி செய்த முதல் காரியம், படுக்கை விரிப்பை உருவி மறுபடி இழுத்துக் கட்டியதுதான். "வாளி இல்லாம வரோணும்னியே" என்றேன். வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். பிறகு டப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பால்கனியில் உட்கார்ந்து, ஓட்டல்காரர்கள் தட்டில் வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, ஏரியில் படகு போவதைப் பார்த்தேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மூழ்கிவிட்டாளோ என்று கதவைத் தட்டினேன். "இருக்கறேனுங்க" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை மச்சான். அவசரமே இல்லாத குரல். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, கதவு சும்மாத்தான் சாத்தியிருக்குது" என்றாள்.

அதற்கு மேல் நடந்ததை அண்ணனுக்கு எழுதுவது முறையில்லை. அந்த டப் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும் என்பதை மட்டும் ஒரு பொதுத் தகவலாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். என் முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் என்னை இழுக்க, நான் அவளை இழுக்க, இருவருமாகச் சறுக்கி விழுந்த சத்தத்தில் அருண்குமார் மாடிக்கு ஓடிவந்து, "சார், ஏதாவது பிரச்சினையா?" என்று வெளியிலிருந்து கத்தினார். உங்கள் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல், "குளிச்சுட்டு இருக்கறோம் தம்பி" என்று கத்தினாள். இவள் இப்படிச் சிரிப்பாள் என்றும் எனக்குத் தெரியாது. காலையில் கிளம்பும்போது டப்பைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வந்தாள். நான் தடுத்தேன். "நமக்குப் பொறகு வர்ற வேலைக்காரப் புள்ள நம்மளத் திட்டுமுங்க" என்றாள்.

இதுதான் நடந்தது. அந்தப் படத்தைப் பற்றி யாராவது என்னிடம் இப்போது மைக்கை நீட்டினால் நானும் கருத்துச் சொல்லத் தயார். புருசன் முதல் காட்சியிலேயே வாயைத் திறந்து கேட்டிருந்தால் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்து, எல்லோரும் வெயிலுக்குள் போக வேண்டி வந்திருக்கும். எங்கள் வீட்டில் கேட்டாகிவிட்டது, சொல்லியாகிவிட்டது. இனி மறைவு ஒன்றுமில்லை. ஆகவே வேனும் வேண்டாம், பெரியவர்களும் வேண்டாம். மனதைச் சாந்தப்படுத்திக்கொண்டு நீங்கள் அங்கேயே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை வரவே வேண்டாம் என்று உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் என்றும் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை அங்கப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ஆராயிக்குப் படித்துக் காட்டினேன். மறைவு ஒன்றுமில்லை என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது சின்ன ஆசைதானுங்க. பெருசு ஒண்ணு இருக்குது" என்றாள். என்ன என்று கேட்டேன். "அது உங்களால ஆகாது. எங்கண்ணன் வந்தாத்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு, தானாகச் சிரித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். சாப்பிடும்போது கேட்டேன், கெஞ்சிக் கேட்டேன், கோபமாகவும் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்படி என்ன ஆசை மச்சான்? சின்ன வயசில் உங்களிடம் எதையாவது சொல்லியிருக்கிறாளா? மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுங்கள்.