இறங்கு கருவித் தெரிவு

யுத்தம் முடிந்து நாலாம் வருடம், கற்பிட்டிக் கரையில் மக்கள் பொழுதுபோக்குக்காகவும் மரம் ஏற வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தது. அதுவரை அங்கே தேங்காய்க்காக மட்டுமே ஏறினார்கள். அந்தக் குறையைப் போக்க ஓர் அலுவலகம் திறந்து, நௌஃபரை உத்தியோகத்தராகப் போட்டார்கள்.

ஏறு கருவி உடனே வந்தது; அதில் ஏற மட்டுமே அனுமதி. கயிற்றில் இறங்கும் கருவி மட்டும் தெரிவுக் குழுவுக்கு உட்பட்டது. மாதிரிகள் மூன்று: எட்டுப் போல வளைந்தது ஒன்று, பிடி வைத்தது ஒன்று, ஒருவருக்கும் விளங்காததால் சிறந்ததென்று கருதப்பட்டது ஒன்று. மூன்றையும் இடுப்பில் தொங்கவிட்டு நௌஃபர் காலையிலேயே புளியமரத்தில் ஏறினார். பகல் மதுரங்குளியில் மச்சினன் கலியாணம். ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் கூடியிருந்து உண்ணும் சஹன் சோற்றுக்கு இறங்கிவிடலாம் என்று நினைத்தார், பாவம்.

கொப்பில் குந்தியபடி பணிப்பாளருக்குப் போன் எடுத்தார்.

"சேர், எதில இறங்க?"

"அங்கீகரிச்சதில."

"எதை அங்கீகரிச்சீங்க?"

"நீங்க இறங்கிப் பார்த்து அறிக்கை தந்தாத்தானே அங்கீகரிக்கலாம்!"

"அப்ப இறங்கவா?"

"அங்கீகரிக்காததிலயா? உத்தியோகத்தர் அரச சொத்து, ஐசே. அடுத்த மாசம் குழு கூடும்."

பகலானது. மனைவி பஸீனா போனில் பொரிந்தாள். "மாப்பிள்ளைட மச்சான் மரத்தில இரிக்காரெண்டு நான் ஆருக்குச் சொல்ற?"

கடைசியில், ஊரே 'நானா' என்று அண்ணன் முறை சொல்லும் தேங்காய் பறிக்கும் முத்தலிபு ஒரு தோணிக் கயிற்றோடு ஏறி வந்தார்.

"சான்றிதழ் இரிக்கா, நானா?"

"முப்பது வருசமா விழல்ல, சேர்."

கொப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்று வாளியை விடுவது போல நௌஃபரை இறக்கிவிட்டார். கலியாண வீட்டில் சஹன் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் நௌஃபருக்கு வரவுப் பதிவேட்டைத் தர மறுத்தார்கள். அங்கீகரித்த கருவி இல்லாமல் உத்தியோகத்தர் இறங்கியிருக்க முடியாது. ஆகவே அவர் மரத்தில்தான் இருக்கிறார். மரத்தில் இருப்பவர் இங்கே கையெழுத்துப் போடலாமா? நௌஃபருக்கு அழுகையே வந்தது. போய் ஏறினார். பதிவேடு கூடையில் மேலே வந்தது.

அன்றிலிருந்து தினமும் எட்டுக்கு ஏறி, நாலரைக்கு முத்தலிபுவின் கயிற்றில் களவாக இறங்கினார். ஊருக்கோ பெருநாள். முன்பெல்லாம் ஒரு கையெழுத்துக்குத் தேடிப்போனால் அவர் கதிரையில் குடை மட்டும் இருக்கும். இப்போது எந்த நேரம் போனாலும் ஆள் கொப்பில் இருந்தார். கடிதங்கள் கூடையில் ஏறின. அவரும் வழக்கம்போல வாசிக்காமலே கையெழுத்திட்டு அனுப்பினார்.

குழு கூடப்போகிறது என்ற செய்தி வந்ததும் ஊரே பதறியது. எந்த இறங்கு கருவியையும் தெரிவு செய்யக் கூடாது என்று முந்நூறு பேர் மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து முத்தலிபுவுடையது. உத்தியோகத்தர் மூலம்தான் மனு போக வேண்டும் என்பதால் அதுவும் கூடையில் ஏறியது.

"வாசிக்கல்லியா, சேர்?" என்று முத்தலிபு கீழிருந்து கேட்டார்.

"நேரமெங்க, நானா?" என்ற நௌஃபர், 'சிபார்சு செய்கிறேன்' என்று எழுதி, முத்திரை குத்தி, கூடையை இறக்கினார்.