தட்டுகள் ஒன்றோடொன்று உரசாதிருக்க

பூமி நடுங்குவதைத் தடுப்பதற்கென்றே அந்த ஊரில் ஓர் அலுவலகம் இருந்தது. பூமி நடுங்காத ஒவ்வொரு நாளையும் அது தன் சாதனையாகவே எண்ணி வந்தது.

போன நடுக்கத்தில் தொட்டிலுக்கு நேர் மேலே சுவர் விரிசல் விட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் பாப்பாவின் அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போனாள். அரசுக் குடியிருப்பு; ஒற்றை அறை. தொட்டிலை மாற்றிக் கட்ட வேறு கொக்கி கிடையாது.

அதிகாரியின் எதிரே நிபுணர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறதாம். நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றனவாம். கடலடியில் ஒன்றின் அடியில் இன்னொன்று புகுந்தால் ஆழமான அகழி. அங்கே உள்ளே பாறை உருகி மேலே பொங்கினால் எரிமலை. இரண்டும் உரசிச் சிக்கிக்கொண்டு சட்டென்று விடுபட்டால் நடுக்கம்.

"ஆக, எல்லா வம்பும் தட்டாலதான்," என்றார் அதிகாரி.

"சார், தொட்டிலுக்கு மேல விரிசல்..." என்று இழுத்தாள் அவள்.

"ஏம்மா, நாங்க நோய்க்கு மருந்து தேடிட்டிருக்கோம். நீங்க தழும்பைக் காட்டறீங்களே."

மறுநாளே ஆணை வந்தது. பொதுமக்கள் தங்கள் வசமுள்ள தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், உரசவிடுவதும், ஒன்றின் அடியில் மற்றொன்றைப் புகுத்துவதும் இதனால் தடை செய்யப்படுகின்றன.

நிபுணர் தலையில் கைவைத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினார். "சார், அது சாப்பிடற தட்டு இல்ல."

"தெரியும் சார். கடலடித் தட்டு நம்ம எல்லைக்குள்ள வராது. வர்ற தட்டு மேலதானே நடவடிக்கை எடுக்க முடியும்?"

ஊர் முதலில் சிரித்தது. பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. வசதியானவர்கள் தட்டுக்குத் தட்டு மெத்தை தைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தன் வீட்டுத் தட்டுகளின் இடைவெளியைப் பற்றி நகையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள். பாப்பாவின் அம்மாவுக்கோ எதற்கெடுத்தாலும் பயம். விரிசலைப் பார்க்கும்போதெல்லாம் போய்த் தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தாள். தரையெல்லாம் தட்டு. வீட்டுக்காரர் நொண்டியடித்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பினார்.

ஒருநாள் நண்பகலில் தரை குலுங்கியது. தெருவே வெளியே ஓடிவந்தது. எல்லார் கையிலும் தட்டு, உரசாதபடி வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று.

"பாப்பா எங்கடி?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இரண்டிலும் தட்டு.

தட்டுகளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தொட்டில் நிறையச் செங்கல். அப்போது மேசைக்கடியில் டங்கென்று ஒரு சத்தம். தூங்கி எழுந்து, தாழத் தொங்கிய தொட்டிலிலிருந்து தானே இறங்கிப் பளபளப்பைத் தேடித் தவழ்ந்து போன பாப்பா, அங்கே இருந்த தட்டைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அதிகாரி நேரில் வந்தார். "பாத்தீங்களா? ஆணைப்படி தட்டைத் தனியா வெச்சீங்க, குழந்தை பிழைச்சுது."

அவள் பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேலே கைகாட்டினாள். "சார், இப்பவாவது அந்த விரிசல்..."

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். அதன் வழியே வானம் தெரிந்தது.

"விரிசல் எங்கம்மா இருக்கு? இது ஓட்டை. ஓட்டைக்கு வேற பிரிவு."

"சரிங்க சார், ரொம்ப நன்றி," என்றாள் அவள். பாப்பாவை இறக்கி விடாமலே, வாசலில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்த இரண்டு தட்டுகளை அவர் பார்ப்பதற்குள் காலால் தள்ளிப் பிரித்தாள்.