மூழ்காத பிள்ளையாரும் முழுகிய என் மானமும்

எங்கள் குடியிருப்புச் செயலாளர் சீனிவாசன் ஒரு பொய்யன். காகிதக்கூழ்ப் பிள்ளையாரை வாங்கி வந்து, "சுத்தமான களிமண்ணுக்கா" என்று என் தலையில் கட்டியவன்.

ஹெப்பகோடியில் எங்கள் குடியிருப்பில் சதுர்த்தி விழாத் தலைவர் பதவி எப்போதும் ஆண்களுக்குத்தான். சண்டை போட்டு அதை வாங்கிய முதல் பெண் நான். சீனிவாசனுக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாம் சரிக்கா. சாமி ஒழுங்கா கரையணும். இல்லேன்னா அடுத்த வருஷம் பதவி எங்களுக்கே."

"என் தலைமையில கரையலேன்னா நானே தொட்டியில குதிக்கிறேன் தம்பி!" என்றேன். (வாய், வாய்! அதுக்கு ஒரு பூட்டு போட ஆளில்ல.)

கரைக்கும் நாளன்று லிஃப்ட் ஓடவில்லை. பிள்ளையார் என் இடுப்பு உயரம். தூக்க நாலு ஆண்கள் வந்தார்கள். நான் அவர்களை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்க் குடம் மாதிரி சாமியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். மூளை உள்ளவள் சந்தேகப்பட்டிருப்பாள். நானோ தெய்வமே எனக்குப் பலம் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாத்துக்கங்க! நாலு ஆம்பள வேலை, ஒரு பொம்பள செய்யறா!"

சீனிவாசன் சுவரைப் பார்த்தான். (அப்பவே அவன் சட்டையப் பிடிச்சிருக்கணும்.)

வாசலில் நகராட்சி லாரி தண்ணீர்த் தொட்டியோடு நின்றது. மேளம், கற்பூரம், "கணபதி பப்பா மோரியா!" நான் லாரிமேல் ஏறி, சாமியை மூன்று முறை முக்கி எடுத்து, கும்பிட்டு, கையை விட்டேன்.

குபுக்கென்று மேலே வந்தார். கையில் கொழுக்கட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றி என்னையே பார்த்தார்.

மறுபடி அமுக்கினேன். மறுபடி வந்தார். மேளம் நின்றுவிட்டது.

"முளுகல்லம்மா இது," என்றார் லாரியோடு வந்த தொட்டிக்காரர். "மேல காகிதக்கூழு, உள்ள தெர்மாகோல் இருக்குது."

"ஒரு கல்லக் கட்டி விட்டா?" என்றார் என் வீட்டுக்காரர் கீழே இருந்து.

"சாமிக்குக் கல்லு கட்றீங்களா சார்? பாவ புண்ணியம் வேணாவா?" என்றார் தொட்டிக்காரர்.

பதவி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. விடுவேனா? தொட்டி விளிம்பில் வயிற்றை வைத்து, பிள்ளையாரின் இரண்டு தோளையும் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு அமுக்கினேன். அவர் நழுவினார். நான் தலைகுப்புற உள்ளே போனேன்.

மூழ்கியிருந்தாலாவது மரியாதை மிஞ்சியிருக்கும். பட்டுப்புடவைக்குள் காற்று புகுந்து பந்தல் மாதிரி உப்பிக்கொண்டது. நான் மல்லாக்க மிதந்தேன். பக்கத்தில் பிள்ளையாரும் மிதந்தார்.

"சொன்ன மாதிரியே குதிச்சுட்டாங்கப்பா!" என்று யாரோ கத்த, மேளம் மறுபடி ஆரம்பித்தது. கற்பூரத் தட்டு வைத்திருந்தவர் பதற்றத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்தே ஆரத்தி காட்டினார்.

மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் சீனிவாசன் ஆங்கிலத்தில் நன்றி போட்டிருந்தான். என் பெயருக்கு முன்னால் 'பாயண்ட்' (buoyant) என்று ஒரு வார்த்தை. கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் கேட்டேன்.

"தண்ணியில மிதக்கற பொருளச் சொல்றதும்மா. எப்பவும் சந்தோஷமா, உற்சாகமா இருக்கறவங்களையும் அப்படிச் சொல்லுவாங்க."

"நான் என்னிக்குடி சந்தோஷமா இருந்தேன்?"

"அப்போ மொதல் அர்த்தம்தான்."

பதவி போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் குடியிருப்பில் நான் பாயண்ட் அக்கா. மொட்டைமாடித் தொட்டியில் மிதவைப் பந்தை மாற்றும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "உன் தங்கச்சி வந்திருக்கா, வந்து பாரு" என்று கூப்பிடுகிறார். மகள் கைபேசியில் என் படம்கூட அன்றைக்கு லாரித் தொட்டியில் எடுத்ததுதான்.

தொட்டிக்காரர் திருப்பிக் கொடுத்த பிள்ளையார் என் பரண்மேல் பத்திரமாக இருக்கிறார். இந்த ஞாயிறு பொதுக்கூட்டத்துக்கு அவரையும் ஒரு டிரம் தண்ணீரையும் கொண்டு வருகிறேன். சீனிவாசா, அவரை நீயே அமுக்கு. அமுக்கிக்கொண்டே மைக்கில் எல்லோர் முன்னாலும் சொல்: களிமண் என்று நீ சொன்னாயா, இல்லையா?