நூறு வீதம் அழிந்த கல்யாணம்

அரைகுறையாகத் தெரிந்த ஒருவரால் ஊருக்கு அப்படியொன்றும் பெரிய கேடில்லை. அந்த அரைகுறையை நாலு பேர் நம்பத் தொடங்கும்போதுதான் கேடு. என் விஷயத்தில் நம்பியவர்கள் என் கணவர், என் மாமியார், அப்புறம் நான். மூவரிலும் அதிகமாக நம்பியது நான்தான்.

நான் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பாடசாலை முடிந்ததும் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று படித்து, தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் வாங்கினேன். அங்கே உண்மையில் நாங்கள் படித்தது எழுத்துத் தட்டுவதும், தட்டிய எழுத்துக்கு நிறம் பூசுவதும்தான். (அதுவும் கரண்ட் இருந்த நாள்களில்.) ஆனாலும் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அப்பா முதலில் சான்றிதழைத்தான் கொண்டுவந்து காட்டினார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை சுரேஷ், யட்டியாந்தோட்டை பஜாரில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்சி செய்தவர் மாமி. கடைக்கு வருகிற எல்லோரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க மருமக கொம்பியூட்டர் படிச்ச புள்ள" என்று சொல்லிவிடுவார். விளைவு, கொஞ்ச நாளில் பஜாரில் பழுதான ரேடியோ, அயன் பொக்ஸ், சுவர்க்கடிகாரம் எல்லாம் என்னைத் தேடி வந்தன. நான் எதையும் மறுத்ததில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க" என்பேன். உலகத்தில் எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரு போர்டு இருக்கும் என்பது என் நம்பிக்கை.

இப்படி நான் புகழோடு வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான், சுரேஷின் லெப்டொப் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஏற்கெனவே அது ஒரு சோம்பேறி. காலையில் அதை ஆன் செய்துவிட்டு மாமி ரொட்டிக்கு மா பிசையத் தொடங்கினால், ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து முடியும்போதுதான் அது கண் திறக்கும். ஆனால் ஸ்டூடியோவின் உயிரே அதற்குள்தான் இருந்தது.

"ஹார்ட் டிஸ்க் சாகப் போகுதுங்க" என்று நான் அறிவித்தேன். (முதல் தடவையாக ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.) "புதுசு ஒன்னு வாங்கி, பழசுல இருக்கறத அச்சு அசலா அதுல இறக்கிருவோம். குளோன்னு சொல்லுவாங்க. பழசு செத்தாலும், புதுசத் தூக்கி உள்ள போட்டா அடுத்த நிமிஷமே வேலை செய்யலாம்."

மாமி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்ப ரெட்டப்புள்ள மாதிரியா?"

"ஆமா மாமி."

"ஒன்னுக்குக் காச்சல் வந்தா மத்ததுக்கும் வருமே புள்ள?"

எங்கள் கோர்ஸில் காய்ச்சல் ஒரு பாடமாக இருக்கவில்லை.

சுரேஷ் புது டிஸ்க் வாங்கி வந்தார். பழையதும் அதுவும் ஒரே கம்பனி, ஒரே அளவு. ஒரு வயரில் மாட்டி, நகலெடுக்கும் மென்பொருளைத் திறந்தேன். திரையில் இரண்டு பெட்டிகள். எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த டிஸ்க்கிற்கு? இரண்டு டிஸ்க்குகளுக்கும் பெயர் ஒன்றுதான். ஒன்றுக்கு 'பூச்சியம்' என்றும் மற்றதற்கு 'ஒன்று' என்றும் இலக்கம் மட்டும் போட்டிருந்தது.

நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. புதியது இன்னும் எதையும் தொடங்காதது. ஆகவே அதுதான் பூச்சியம். பழையது ஏற்கெனவே வாழ்க்கையைத் தொடங்கிவிட்டது; ஆகவே அதுதான் ஒன்று. இவ்வளவு அழகான தத்துவம் பொய்யாக இருக்கும் என்று எந்தப் பெண்தான் நினைப்பாள்? 'ஒன்றிலிருந்து பூச்சியத்திற்கு' என்று தெரிவு செய்தேன்.

'இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துபோகும், சம்மதமா?' என்று அது கேட்டது. புது டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது, பைத்தியமே என்று சிரித்துக்கொண்டு சம்மதித்தேன். 'ஒரு மூலையும் விடாமல் நகலெடுக்கவா?' என்று இன்னொரு கேள்வி. நான் அரைகுறை வேலை செய்கிறவள் இல்லையே? அதற்கும் ஆம்.

லெப்டொப் ஒருமுறை அணைந்து எழும்பி, நீல நிறத்தில் ஒரு பட்டையைக் காட்டியது. பட்டைக்குக் கீழே, நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்ற கணக்கு. மாமி கை கழுவிவிட்டு வந்து மூடியின் மேல் திருநீறு பூசி, பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றினார். அன்று முழுக்க எங்கள் வீட்டில் கிரிக்கெட் மேட்ச் நடந்த மாதிரிதான் இருந்தது.

"எவ்வளவு புள்ள?" என்று அடுப்படியிலிருந்து மாமி கேட்பார்.

"நாப்பத்திரெண்டு மாமி!"

"பக்கத்துலயே இரு. எந்திரிக்காத."

ஐம்பது வந்தபோது சுரேஷ் கைதட்டினார். தொண்ணூறுக்குப் பிறகு மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூறு வந்ததும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் எழுத்து வந்தது. சுரேஷ் பேக்கரிக்கு ஓடிப்போய் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கி வந்தார். மூவரும் சாப்பிட்டோம். மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "ஒங்கப்பா அந்த சேட்டிபிகேட்ட சும்மா காட்டல" என்றார்.

அதன் பிறகுதான் லெப்டொப்பை ஆன் செய்தோம். கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"களைச்சுப் போயிருக்குங்க" என்றேன்.

புதிய டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தோம். அதே கறுப்பு, அதே சிமிட்டல்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு பஜாரின் மறுமுனையில் கொம்பியூட்டர் திருத்துகிற நிமல் ஐயாவிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்.

"நங்கி, மேக்க ஹிஸ்" என்றார். தங்கச்சி, இது காலி என்று சிங்களத்தில். மற்றதையும் மாட்டினார். "அறக்கத் ஹிஸ்." அதுவும் காலி. பிறகு, கேலியே இல்லாமல், ஒரு வைத்தியர் மாதிரி சொன்னார்: "கொப்பி எக்க நங் ஹரியட்டம வெலா." கொப்பி மட்டும் கச்சிதமாக நடந்திருக்கிறது.

கொம்பியூட்டர் கணக்கில் பூச்சியம்தான் பழையதாம்; வெற்று டிஸ்க்கைக் கொண்டுபோய், ஒரு மூலையும் விடாமல், நிறைந்த டிஸ்க்கின் மேல் பூசியிருந்தேன். ஒரு மூலையாவது விட்டிருந்தால் கொஞ்சம் தோண்டி எடுத்திருக்கலாமாம்.

பழைய கல்யாணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள் எல்லாம் ஏற்கெனவே அல்பமாகி அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. போகாதது இரண்டு. ஒன்று, எங்கள் சொந்தக் கல்யாணம். (ஊருக்கெல்லாம் அல்பம் போடுகிறவர் வீட்டில் அல்பம் இருக்காது.) மற்றது, பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தர்ஷினியின் கல்யாணம். வீடியோ வேண்டாம், போட்டோ போதும் என்று சொன்ன குடும்பம். கெமராவின் மெமரி கார்டைச் சுரேஷ் அழித்து அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோய்விட்டார். தர்ஷினியின் கல்யாணம் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது; அதை நானும் அந்த நீலப் பட்டையும் சேர்ந்து அழித்திருந்தோம்.

சுரேஷ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அவர் கடைக்குள் போய், கெமராவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மாமியிடம் போய், "மாமி, நான் கொஞ்ச நாள் ஓப்பநாயக்கவுக்குப் போய் இருக்கட்டுமா?" என்றேன்.

"போனா போட்டோ வந்துருமா?" என்றார் மாமி. "மூஞ்சியக் கழுவு. அவங்க வந்து கேக்குறதுக்கு முந்தி நாம போய்ச் சொல்லிருவோம். கேட்டு வந்தா சண்டை. போய்ச் சொன்னா அழுகை. அழுகைன்னா சமாளிச்சுக்கலாம்."

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் எடுத்துக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் நாங்கள் மூவரும் தட்டோடு ஏறிப்போனோம். பால்வெட்டு முடிந்து வாளியோடு இறங்கிவந்த ஒரு அம்மா நின்று, "யாருக்குங்க பொண்ணு பாக்கப் போறீங்க?" என்று கேட்டார். சுரேஷ் தலையைக் குனிந்துகொண்டார். அது வெட்கம் என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே போனார்.

தர்ஷினி புருஷன் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தாள். எங்களைக் கண்டதும், "அல்பம் கொண்டாந்தீங்களா அண்ணே?" என்று ஓடிவந்தாள். சுரேஷ் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். நான்தான் சொன்னேன். பூச்சியம், ஒன்று, மூலை, எல்லாம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், "ஒன்னுமே இல்ல தங்கச்சி. எல்லாத்தையும் நான் அழிச்சிட்டேன்" என்றேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன்னுகூடவா?" என்றாள். பிறகு அழுதாள். மாமி சொன்ன 'சமாளிக்கிற' அழுகை இல்லை அது.

"இன்னொருக்காவா என்னால கல்யாணம் கட்ட முடியும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். மாமி தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவளுடைய அம்மாதான் தட்டை வாங்கி உள்ளே வைத்தார். "அழிஞ்சது போட்டோ. கல்யாணம் இல்ல" என்றார். "எல்லார் கையிலயும் போன் இருந்துச்சே. அன்னைக்கு யாரு கையிலதான் போன் இல்ல?"

அப்படித்தான் எங்கள் வசூல் தொடங்கியது. அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து மேட்டு லயம், அங்கிருந்து பஜார், பிறகு கேகாலைப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் என்று வீடு வீடாகப் போய்ப் படம் கேட்டோம். எல்லா வீட்டிலும் பிளேன்டீ. எல்லா வீட்டிலும் முதலிலிருந்து கதை. நான் சொல்லத் தயங்கினால் மாமி சொல்லிவிடுவார், நீலப் பட்டைக்கு ஊதுபத்தி காட்டியது உட்பட.

ஒரு வீட்டில் ஒரு அக்கா போனைத் தள்ளிக்கொண்டே போய், "அட, இது நீங்கதானே?" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் வந்தவர். மணப்பெண் அலங்காரத்தோடு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நான் ஒரு முழு வடையை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கும் படம். என் கல்யாணத்தில் இன்றைக்கு மிச்சமிருப்பது அந்த வடைதான். சுரேஷ் அதைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார்.

தர்ஷினிக்குப் படங்கள் குவிந்தன. ஊர்வலம், சாப்பாட்டுப் பந்தி, தூங்கும் பெரியவர்கள், பாதித் தலைகள். ஆனால் தாலி கட்டும் படம் மட்டும் இல்லை. இல்லை என்று சொல்ல முடியாது, நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் மணவறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய முதுகு. நீலச் சட்டை, வியர்வை ஈரம், தோளில் கெமரா வார். எந்தப் போனைத் திறந்தாலும் அதே முதுகு.

"இது யாருங்க இந்த மாடு?" என்று ஒரு தாத்தா கோபமாகக் கேட்டார். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சுரேஷ், "நான்தான் தாத்தா" என்றார்.

அம்மாவோடு எங்களுடன் வந்திருந்த தர்ஷினிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அம்மா, அண்ணன் பாத்துச்சே!"

அவளுடைய அண்ணன் கணேஷுக்குக் கட்டாரில் வேலை. லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வரவில்லை. சித்தப்பா மகன் மணவறைக்குப் பக்கவாட்டில் ஒரு கதிரை மேல் ஏறி நின்று, வீடியோ கோலில் அவனுக்குக் கல்யாணத்தைக் காட்டியிருக்கிறான். உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அத நீ எங்கயாச்சும் எடுத்து வச்சிருக்கியாண்ணே?"

"வச்சிருக்கேன்" என்றான். "எப்பயாச்சும் பாக்கலாம்னு ரெக்கோட் பண்ணுனேன். அது ஒனக்கு எதுக்கு? நான் அதுல அசிங்கமா இருப்பேன்."

சரியாகத்தான் சொன்னான். படம் அங்கங்கே உறைந்தது, நிறம் மங்கல். ஆனால் தாலி கட்டும்போது எந்த முதுகும் குறுக்கே இல்லை. தர்ஷினியின் குனிந்த தலை, முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் கை, எல்லாம் இருந்தது. மூலையில் சின்னச் சதுரத்தில் கணேஷின் முகம். வேலைத் தொப்பியோடு, அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னும் மேல தூக்கிப் பிடிடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு வராத ஒரே ஆளிடம்தான் கல்யாணம் பத்திரமாக இருந்தது.

அல்பம் அடிக்கும்போது சுரேஷ், "மூலையில இருக்கற சதுரத்த வெட்டி எடுத்துறவா?" என்று கேட்டார்.

"வெட்டாதீங்க அண்ணே" என்றாள் தர்ஷினி. "எங்கண்ணன் என் கல்யாணத்துல இருக்கறது அதுல மட்டும்தான்."

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா அல்பத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டார். வாழைக்காய்க் குழம்பு. நாங்கள் கொண்டுபோன தட்டையும் கழுவித் திருப்பித் தந்தார்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எங்கள் கடையில் எல்லாப் படமும் மூன்று இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்று ஓப்பநாயக்கவில் என் அப்பாவின் அலுமாரியில். நகலெடுக்கும் பொத்தானை அழுத்தும் முன் நான் இரண்டு டிஸ்க்குகளிலும் மார்க்கர் பேனையால் 'பழசு', 'புதுசு' என்று எழுதுகிறேன். அப்படியும் மாமி நம்புவதில்லை. நான் கேத்திலைத் தூக்கித் தேத்தண்ணி ஊற்றப் போனால்கூட, "எதுல இருந்து எதுக்கு ஊத்தப் போற, சொல்லிட்டு ஊத்து" என்கிறார்.

சுரேஷுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கல்யாணமானாலும், கெட்டிமேளம் கொட்டியதும் மணவறைக்கு முன்னால் சட்டென்று முழங்காலில் விழுந்துவிடுவார். பின்னால் நிற்பவர்கள் போனில் எடுக்க வழி விடத்தான். ஊருக்கு அது தெரியாது. "கெமராக்காரருக்கு எவ்வளவு பக்தி பாருங்க" என்று பேசிக்கொள்கிறார்கள். தம்பதிகள் மேல் போடுகிற அட்சதையில் பாதி அவர் தலையில்தான் விழுகிறது. சில பெரியவர்கள் அவரையும் தனியாக ஆசீர்வதிப்பது உண்டு.

கல்யாண சீசன் முடிந்தால் அவருக்கு முட்டி வீங்கிவிடும். மாமி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்ப்பார். வீட்டில் புது ஆள் யாராவது இருந்தால் சத்தமாகவே சொல்லுவார்:

"பட்டன அமுக்குனது இவ. முட்டி போடுறது எம் புள்ள."