செவலை தோற்ற ஆறுதல் பரீட்சை

ஒரு காட்டில், அருவிக்கு இந்தப் பக்கமாக, தள்ளாத விலங்குகளுக்கென்று ஒரு முதியோர் இல்லம் நடந்துவந்தது. அதன் வாசலில் ஒருநாள் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'எங்கள் பெரியவர்கள் தடவிக்கொடுத்து ஆறுதல் அடைய நாய்கள் தேவை. சம்பளம் கிடையாது.'

செவலை என்கிற நாய் அதை மூன்று தடவை படித்தது. அதன் தலையைத் தேடி இதுவரை வந்ததெல்லாம் கல்லும் செருப்பும்தான். யாராவது தடவிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் செத்துவிடக் கூடாது என்று மட்டும் ரொம்ப நாளாக ஏக்கம். குளத்தில் முங்கிக் குளித்து, தடுப்பூசிச் சீட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது.

இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன் நாரை, தன் மூக்கு நீளத்துக்கு ஒரு படிவத்தை நீட்டியது.

"ரெண்டே பரீட்சைதான்ப்பா. பின்னாடி தட்டு விழும், திடுக்கிடக் கூடாது. முன்னாடி பிஸ்கட் இருக்கும், தொடக் கூடாது."

தட்டு விழுந்தது. செவலை மேட்ரனின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது. பிஸ்கட் விஷயத்தில், 'தொடக் கூடாது' என்று மேட்ரன் மறுபடி சொல்லி முடிப்பதற்குள் அது வயிற்றுக்குப் போய்விட்டது.

"அடுத்த வருஷம் வாப்பா" என்றபடி மேட்ரன் 'தகுதியில்லை' முத்திரையைத் தேடப் போனது.

அந்த இடைவெளியில்தான் வம்பு வந்தது. மூலைக் கட்டிலில் வரியப்பன் என்ற கிழப்புலி கிடந்தது. பல் ஒன்றுகூடக் கிடையாது. காதுக்குள் கத்தினால்தான் எதுவும் கேட்கும். மூன்று மாதமாகக் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. அது என்ன நினைத்ததோ, முன்னங்காலை நீட்டிச் செவலையின் காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்தது. செவலைக்கு நாலு காலும் கழன்றுவிட்டன. வால் பைத்தியம் பிடித்து மூன்று மருந்துப் புட்டிகளைத் தட்டிவிட்டது. அப்புறம் செவலை அங்கேயே குறட்டை விட்டுத் தூங்கிப்போனது. அன்றைக்கு வரியப்பன் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தது.

முத்திரையோடு திரும்பிய மேட்ரன் பதறிப்போனது.

"தேர்ச்சி அட்டை இல்லாத நாய்கிட்ட வாங்கின ஆறுதல் செல்லாது, பெரியவரே" என்று புலியின் காதில் கத்திவிட்டு, செவலையை எழுப்பி வெளியே அனுப்பியது.

செவலை வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் சுருண்டு படுத்து அழுதது. போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட வெட்கப்படவில்லை. ஒரே ஒரு தடவை கிடைத்த சுகம், இனிமேல் கிடைக்கப்போவதில்லை. உள்ளே கஞ்சிக் கிண்ணம் பழையபடி ஆறிப்போய்க் கிடந்தது.

நாலாம் நாள் வரியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு அலுவலக மேசைக்கு வந்தது.

"அந்தப் படிவத்தைக் குடும்மா. நான் பரீட்சைக்கு நிக்கப்போறேன்."

"நீங்க நாயா, பெரியவரே?" என்று அதன் காதில் கத்தியது மேட்ரன்.

"நாய்னு இதுல எங்க போட்டிருக்கு? காட்டு."

மேட்ரன் மேலும் கீழும் தேடியது. நாலு கால், வால், தடுப்பூசி என்றுதான் இருந்தது. மூன்றும் புலியிடம் இருந்தன.

தட்டு விழுந்தது. வரியப்பன் கொட்டாவி விட்டது. சந்தேகப்பட்ட மேட்ரன் சமையல்கட்டு அண்டாவையே உருட்டிப் பார்த்தது. "எப்பம்மா ஆரம்பிக்கப்போறே?" என்றது புலி. அடுத்து பிஸ்கட். அரைமணி நேரம் ஆகியும் அதைத் தொட வந்தது எறும்பு மட்டும்தான். இப்படியொரு தேர்ச்சியை அந்த இல்லம் கண்டதே இல்லை என்று சொல்லி, கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார்கள்.

"சரி, நான் யாருக்கு ஆறுதல் குடுக்கணும்? வாசல்ல ஒருத்தன் நாலு நாளா கண்ணீர் விட்டுட்டிருக்கான். அவனைச் சேத்துக்க" என்றது வரியப்பன்.

விதியில் அதற்குத் தடை இல்லை. 'ஆறுதல் தேவைப்படும் முதியவர்' என்று செவலையைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அதற்கு வயது மூன்று.

இப்போது தினமும் மாலை நாலு மணிக்கு, கஞ்சி குடித்த கையோடு, வரியப்பன் அட்டையை மாட்டிக்கொண்டு பணிக்கு வருகிறது. செவலை மண்டையைக் கொடுக்கிறது. வால் ஆடுகிற ஆட்டத்தில் கட்டில் நகர்ந்து நகர்ந்து கதவு வரைக்கும் போய்விடுகிறது.

"அசையாம இருடா, வேலையில இருக்கேன்" என்று அதட்டிவிட்டு, புலி இன்னும் கொஞ்சம் சொறிகிறது.

நீதி: பிறர் துயர் துடைக்கப் புறப்படுகிறவருக்குக் காது கேட்கக் கூடாது, பல்லும் இருக்கக் கூடாது. மனசு இருந்தால் பாதகமில்லை, அதை யாரும் சோதிக்க மாட்டார்கள்.