ஆறு விரல், எட்டு விரல்

ஆடிட்டர் ராஜாமணி இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஆறு விரல்களைக் காட்டினார்.

"சரக்குக்குங்களா சார்?" என்று கேட்டார் மேனேஜர் வியாகுலம்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஆடிட்டர் அடுத்ததாக எட்டு விரல்களைக் காட்டினார்.

"இது கடன் பாக்கிக்குங்களா?"

அதற்கும் ஆமாம். காலையிலேயே அவர் விளக்கியிருந்தார்: சரக்கு எவ்வளவு வேகமாக விற்றுத் தீர்கிறது என்பதற்கு ஓர் எண், கடன் எவ்வளவு வேகமாக வசூலாகிறது என்பதற்கு ஓர் எண், இந்த இரண்டும்தான் ஒரு கம்பெனியின் நாடி. இப்போது நாடி பார்த்தாயிற்று. ஜீப்பில் ஏறுமுன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இது சாதாரண விஷயமில்ல வியாகுலம். உடனே முதலாளிக்குச் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரேன்" என்று சொல்லித் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டே ஒகேனக்கலுக்கு எண்ணெய்க் குளியலுக்குப் போய்விட்டார்.

வியாகுலத்துக்கு நின்ற இடத்திலேயே வேர்வை ஓடியது. அதில் தருமபுரியின் தண்ணீர்ப் பஞ்சமே தீர்ந்திருக்கும். சேலத்திலிருந்து தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்த புதிது அது. வியாகுலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, சென்றாயன் விவசாயக் கருவிக் கம்பெனியின் கிளைக்கு மேனேஜர் ஆனவர்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. மனைவி இசபெல்லா விசாரித்தாள்.

"சரக்குக்கு ஆறாம். கடனுக்கு எட்டாம்."

"நூத்துக்கா?"

"பின்ன பத்துக்கா?"

"அடக் கடவுளே! நம்ம பையன் கணக்குல பன்னெண்டு வாங்கினதுக்கு அவன் முதுகுல கோடு போட்டீங்க. நீங்க அவனுக்குப் பாதி! வேலை போனா இந்த வூடும் போயிருமுங்க. கம்பெனி வூடுதானே?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள மார்க்கை ஏத்திடறேன்."

"எப்படி?"

"சரக்கு வேகமாத் தீரணும். அவ்வளவுதானே?"

சாயங்காலமே பியூன் மாயவன் தமுக்குக்காரனைப் பிடித்தான். மண்வெட்டி, கலப்பைக் கொழு, இரும்பு வாளி, எல்லாம் கடனுக்கு, பணம் பிறகு! மறுநாள் விடிந்தபோது பென்னாகரம் ரோட்டில் வண்டிகள் நின்ற வரிசைக்குத் தலை கம்பெனி வாசலில் இருந்தது, வால் பென்னாகரத்தில் ஆடியது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத தீர்த்தம்மாள் ஒரு முழுக் கலப்பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கும்மா கலப்பை?"

"துணி காயப்போட ஆவும் சாமி. கடனுக்குத்தானே?"

மத்தியானத்துக்குள் கிடங்கு காலி. உள்ளே தும்மினால் மூன்று தும்மல் திரும்பி வந்தது.

"சரக்கு நூத்துக்கு நூறு!" என்றார் வியாகுலம்.

"அது சரிங்க சார். கடனு?" என்றான் மாயவன்.

வியாகுலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஜில்லாவில் பாதிப்பேர் இப்போது கடன்காரர்கள். எட்டு மார்க் கரைந்து பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்பினார்.

"காலையிலதானுங்க வாங்கினேன், சாயங்காலமே பணமா?" என்றார் முதல் கடன்காரரான கோவிந்தன். "நிலக்கடலை இன்னும் பூக்கவே இல்லீங்க. கார்த்திகையில வாங்க."

"வெள்ளிக்கிழமை ஆடிட்டருங்க! வேற எதாச்சும் குடுங்க, கடன் தீர்ந்துச்சுன்னு எழுதிக்கறேன்."

கோவிந்தன் யோசித்தார். "ஆடு இருக்குது. ஓட்டிக்கிட்டுப் போறீங்களா?"

அதன் பிறகு எல்லா வீட்டிலும் ஆடுதான். காசு பணம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நொண்டி ஆடு, கிழ ஆடு, முட்டுகிற கிடா என்று எந்தெந்த ஆட்டை எப்படித் தள்ளிவிடுவதென்று ஊரே ஏங்கிக் கிடந்ததோ, அதெல்லாம் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது.

"கடன் தீந்துச்சு சார்" என்றான் மாயவன், ஒரு கிடாவின் கொம்பைப் பிடித்துத் தொங்கியபடி. "ஆனா கிடங்கு மறுபடியும் ரொம்பிப் போச்சுங்களே. இதுவும் சரக்குத்தானுங்களே?"

வியாகுலம் நாற்காலியைத் தேடினார். அதில் ஓர் ஆடு உட்கார்ந்து காலண்டரில் ஆவணி மாதத்தைத் தின்றுகொண்டிருந்தது.

காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆட்டு வியாபாரி நஞ்சப்பன் ஒவ்வொன்றின் பல்லையும் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்துக்கறேனுங்க. பணம் தீபாவளி கழிச்சு."

"கடனா? வேண்டாஞ்சாமி!" என்று வியாகுலம் அலறிய அலறலில் பக்கத்துக் கடைத் தராசு ஆடியது.

ஒன்றும் விற்காமல் திரும்பினார்கள். வழியில் ஒரு சினை ஆடு குட்டி போட்டது. விற்கப் போனதைவிட ஒன்று கூடுதலாகச் சரக்கு வீடு திரும்பியது.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்து நின்றது. ஆடிட்டரோடு வெள்ளை வேட்டி கட்டிய மூன்று பெரியவர்களும் இறங்கினார்கள். வேலையைப் பிடுங்க ஓர் ஆள் போதாதென்று மூன்று பேரா! கிடா ஒன்று வந்து முதல் பெரியவரின் வேட்டி நுனியை வாயில் போட்டுக்கொண்டது.

ஆடிட்டர் ஒரு மண்வெட்டிகூட இல்லாத கிடங்கைப் பார்த்தார், அதில் நின்ற ஆடுகளைப் பார்த்தார். வெற்றிலை வாயிலேயே நின்றுவிட்டது.

"ஐயா, மன்னிச்சுக்கங்க!" வியாகுலம் கை கூப்பினார். "ஆறும் எட்டும் வாங்கினவன்தான் நான். மார்க்கை ஏத்தத்தான் இத்தனையும் செஞ்சேன். ஒரே ஒரு தடவை பொறுத்துக்கங்க!"

ஆடிட்டர் வெற்றிலையைத் துப்ப இடம் தேடினார். ஜீப் டிரைவர் சென்னப்பன்தான், முட்ட வந்த ஓர் ஆட்டைக் காலால் விலக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்:

"என்னங்க சார் மார்க்கு? மத்த கம்பெனியில வருசத்துக்கு ரெண்டு தடவை சரக்கு வித்துத் தீர்ந்தாலே பெருசாம். உங்ககிட்ட ஆறு தடவை தீருது, கடன் எட்டுத் தடவை வசூலாவுதுன்னு சார் வழியெல்லாம் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. அந்த வித்தையைக் கத்துக்கத்தானுங்க வேற கம்பெனி முதலாளிங்க இந்த மூணு பேரும் சேலத்துலருந்து வந்திருக்காங்க!"