மிச்சமிருந்த ஒரு காளை

இரண்டாவது தட்டு மீன் வந்ததும் சத்துர்னினோவின் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது.

முதல் தட்டோடு நின்றிருந்தால் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பான். அமான்சியோ பட்டாளத்தில் ஒரே கொட்டகையில் படுத்த நண்பன். தலைநகர் லிமாவுக்கு முதல் தடவையாக வந்தவனைச் சொரியோஸ் கடற்கரைக்குக் கூட்டிவந்து கடலைக் காட்டுகிறான், மீன் வாங்கித் தருகிறான். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன், மேலே வெங்காயம், பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்காமலே இன்னொரு தட்டு எதற்கு?

சத்துர்னினோவைப் போல மலைநாட்டு ஹவுஹா பள்ளத்தாக்கில் பிறந்த எவனுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். அங்கே ஒருவன் உங்களுக்கு வயிறு முட்டச் சாப்பாடு போட்டால், நீங்கள் கை கழுவுவதற்குள் கேட்டுவிடுவான்: "எங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்." சாப்பிட்டுவிட்டு மாட்டேன் என்றவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஞானஸ்நானத்துக்கு மட்டும்தான் ஞானத்தகப்பன் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு ஒருத்தர், கல்யாணக் கேக்குக்கு ஒருத்தர், பள்ளிக்கூடம் முடித்துப் போகிற வகுப்புக்கு ஒருத்தர், புது லாரிக்குத் தீர்த்தம் தெளிக்க ஒருத்தர். கௌரவம் எல்லாருக்கும், செலவு மட்டும் அவருக்கு. சத்துர்னினோவுக்கோ 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. பெண்டாட்டி பிள்ளை இல்லை, சொத்து என்று மூன்று காளை வைத்திருந்த மனுஷன். ஒன்று கால்பந்துக் குழுவுக்குச் சட்டையாகப் போயிற்று. இன்னொன்று யாருடைய கல்யாணத்துக்கோ பாண்டு வாத்தியமாக மாறி, ஒரே நாளில் ஊதித் தீர்த்தார்கள். மிச்சம் இருப்பது கப்பித்தான் என்கிற ஒரே காளைதான். அதைப் பக்கத்து நிலத்துக்காரன் காளையோடு ஜோடி சேர்த்துத்தான் இப்போது உழவு நடக்கிறது. அதுவும் போய்விட்டால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதுதான்.

யோசித்துப் பார்த்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் இருந்தது. அமான்சியோ உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன், வழியில் தூக்கம் வருகிறது, பேச்சுத்துணைக்கு வா என்று கூப்பிட்டான். வாடகை கேட்கவில்லை. லாரிக் கொட்டகையில் நல்ல மெத்தையாகப் போட்டுக் கொடுத்தான். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குக் கோமாஸ் குன்றில் இருக்கும் தன் தங்கை சொராய்தா வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டான். இந்தக் காலத்தில் எவன் சும்மா இவ்வளவு செய்வான்?

எந்தப் பிள்ளைக்கு என்பதுதான் பிடிபடவில்லை. அமான்சியோவின் பிள்ளைகள் மூன்று பேரும் மீசை முளைத்தவர்கள். சொராய்தா கணவனை இழந்து ஆறு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. சந்தையில் பழரசக் கடை வைத்திருக்கிறாள். சத்துர்னினோ அந்தத் தெருவில் ஓடுகிற குழந்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தான். எது தன் காளையைத் தின்னப் போகிறதோ தெரியவில்லை.

சரி, மீனுக்கு வருவோம். இரண்டாவது தட்டைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுப்பா. வீட்டுச் சாப்பாடுன்னாதான் இறங்கும்."

தப்பித்தோம் என்று நினைத்தான். அமான்சியோ இதை அப்படியே தங்கையிடம் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் அவள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து சமைத்தாள். தட்டில் முழுசாக வறுத்த கினிப்பன்றி, தலையோடு. எங்கள் பக்கத்தில் மேயர் வந்தால் வைப்பார்கள், இல்லாவிட்டால் பெரிய காரியமாக எதையாவது கேட்பதற்கு முன்னால் வைப்பார்கள். சத்துர்னினோ மேயர் இல்லை. அவனுக்கு வியர்த்துவிட்டது.

ஞானத்தகப்பன் என்றால் எல்லாரோடும் குடிக்க வேண்டும், விடிய விடிய ஆட வேண்டும். ஆகவே தான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று காட்டிவிடுவது என முடிவு செய்தான். யாரும் கேட்காமலே, தான் குடிப்பதில்லை என்றான். ஆடத் தெரியாது என்றான். எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவேன் என்றான்.

சொராய்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டீங்களா?"

"வாடையே ஆகாதுங்க."

"ராத்திரி ஊர் சுத்தற பழக்கம்?"

"இருட்டினா எனக்கு வீடுதாங்க."

அவளும், உப்பு வாங்குகிற சாக்கில் வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு எர்மெலிண்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கினிப்பன்றியின் இன்னொரு பாதியும் அவன் தட்டில் விழுந்தது. இவ்வளவு சொல்லியும் விடமாட்டேன் என்கிறார்களே, என்ன ஜனங்கள் இவர்கள் என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் கறி ருசியாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தின்று முடித்தான்.

தின்ற பிறகுதான் பயம் முழுசாகப் பிடித்தது. கொட்டகையில் மூன்று ராத்திரி புரண்டு படுத்தான். கடைசியில் ஒரு வழி தோன்றியது. அவர்கள் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே, தின்றதற்கு மேலாக நாம் எதையாவது கொடுத்துவிட்டால்? அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள்?

லிமா திருடர்களுக்குப் பயந்து பையை மார்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். ஒரு கூடை நிறைய இனிப்பு ரொட்டி வாங்கினான். நல்ல சாராயமாக ஒரு பாட்டில் வாங்கினான். யாருக்கு என்று பூக்காரி விசாரித்தாள். ஒரு அம்மா வீட்டுக்கு என்றான். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுப் பூவையும் கூடையில் செருகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையை நனைத்து வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தூறலில் குன்றேறிப் போய்க் கதவைத் தட்டினான்.

சொராய்தா கதவைத் திறந்தாள். கூடையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. எர்மெலிண்டா எங்கிருந்தோ முளைத்து, அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். தாராளமாகக் கூப்பிடுங்கள், எல்லாருக்கும் முன்னால்தான் கொடுக்கப் போகிறேன் என்றான் சத்துர்னினோ. சாட்சி இருப்பது நல்லதுதானே.

அமான்சியோ வந்தான். தெருவில் பாதிப் பேரும் வந்தார்கள். மேசையில் யாரோ பூப்போட்ட துணி விரித்தார்கள். சத்துர்னினோ தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இத்தனை நாள் எனக்குச் சாப்பாடு போட்டீங்க. சும்மா தின்னுட்டுப் போற ஆள் நான் இல்ல. இதை வாங்கிக்கிட்டீங்கன்னா என் மனசு நிம்மதியாயிடும்."

"நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் சொராய்தா.

"மூணு ராத்திரி தூங்கல."

"அப்புறம் மனசு மாற மாட்டீங்களே?"

"உசிரே போனாலும் மாட்டேன்."

அவள் கூடையை வாங்கிக்கொண்டு அழுதாள். எர்மெலிண்டா அதைவிடச் சத்தமாக அழுதாள். அமான்சியோ விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டான். நல்ல ஞானத்தகப்பன் ஒருத்தன் கையைவிட்டுப் போனான் என்று இவ்வளவு துக்கமா என்று சத்துர்னினோவுக்கு ஆச்சரியம். பாட்டிலைத் திறந்தார்கள். அவன் கிளாஸைத் தொடவில்லை, அதையும் பாராட்டினார்கள். சொராய்தா அழுததுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. நல்ல மனுஷி. அவள் கைச் சமையலை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். ஆனால் கப்பித்தான் பிழைத்தது. அன்று மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை அமான்சியோ எங்கேயோ போய்விட்டு உற்சாகமாகத் திரும்பி வந்தான். புதன்கிழமை சத்துர்னினோவை இழுத்துக்கொண்டு கமாராவுக்குப் போனான். துணிக்கடையும் தையல்கடையுமாக நெரிகிற இடம் அது. பையை இறுக்கிப் பிடித்தபடி சத்துர்னினோவும் ஒரு மாடிப்படி ஏறினான். மேலே எவரிஸ்தோ என்கிற தையல்காரர் வாயில் குண்டூசிகளோடு உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை விசேஷத்துக்கு இவனுக்கு ஒரு கோட்டு. துணி நல்லதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அமான்சியோ பித்தான் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

சத்துர்னினோ பையை மார்போடு அணைத்துக்கொண்டான். கோட்டு போட்டு நடுவில் நிற்பது யார்? ரொட்டியையும் வாங்கிக்கொண்டார்கள், சாராயத்தையும் குடித்துவிட்டார்கள், கடைசியில் காளையையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது. தையல்காரர் நாடாவைத் தோளில் வைத்தார். நாற்பத்தைந்து வருஷமாக வாயில் வராத சொல் அப்போதுதான் வந்தது.

"முடியாது" என்றான். நாடாவைத் தட்டிவிட்டான். "இதோ பாருங்க, உங்ககிட்ட சொல்றேன், நீங்க அவன்கிட்ட சொல்லிடுங்க. நான் யாருக்கும் ஞானத்தகப்பனா நிக்கப் போறதில்ல. என் காளையை விக்கப் போறதில்ல. சனிக்கிழமை நான் இந்த ஊர்லயே இருக்கப் போறதில்ல."

எவரிஸ்தோ கீழே விழுந்த நாடாவைக் குனிந்து எடுத்தார். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"ஞானத்தகப்பனா நிக்கிறது அமான்சியோ, அவருக்கு நேத்தே அளவெடுத்துட்டேன், செலவெல்லாம் அவரோடது. இது மாப்பிள்ளைக் கோட்டுங்க, கையைக் கொஞ்சம் தூக்குங்க."